பல் போனதால் உடம்பு வைத்ததா, உடம்பு வைத்ததால் பல் போனதா?

முள்ளியவளையில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு வயது 54. ஏழு பல் கழற்றியாயிற்று, இன்னும் மூன்று ஆடுகின்றன. அதே சில வருடங்களுக்குள் உடம்பும் வைத்துவிட்டது, சீனியும் ஏறிவிட்டது. "பல்லுப் போன பிறகுதான் நான் இப்பிடி ஊதினனான்" என்கிறார் அம்மா. கிளினிக்கில் கேட்டால், நிறை கூடியதால்தான் முரசு (ஈறு) கெட்டது என்கிறார்களாம். யார் சொல்வது சரி, ஆடுகிற பல்லையும் கழற்றிவிட்டால் தொல்லை தீருமா, 27 வயதுத் தம்பிக்கும் பல் துலக்கும்போது இரத்தம் வருகிறதே, அதுவும் இதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அம்மா சொல்வதும் சரி, கிளினிக்கில் சொன்னதும் சரி. ஒன்று மற்றதை வளர்க்கும். பல்லைக் கழற்றும் யோசனையை மட்டும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். வன்னியில் அரசாங்கப் பல் கிளினிக்குகளில் நெடுநாள் வேலை செய்தவன் நான். காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லை "ஆடுது, கழட்டி விடுங்கோ டொக்டர்" என்று கேட்டு வாங்கிக் கழற்றிக்கொண்டு போனவர்கள் ஏராளம். அப்படிப் போனவர்களின் சாப்பாட்டுத் தட்டு அதற்குப் பிறகு என்ன ஆனது என்று எவரும் விசாரிப்பதில்லை. உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அந்தத் தட்டில்தான் இருக்கிறது.

முதலில் முரசு நோயைப் பற்றி. அதன் மூலகாரணம் கொழுப்பு இல்லை. பல்லும் முரசும் சேரும் விளிம்பில் கிருமிகள் படலமாகப் படிகின்றன. துலக்காமல் விட்ட படலத்தில் உமிழ்நீரின் கல்சியம் இறங்கி அது கல்லாக இறுகுகிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கடினமானது, அதனால்தான் பல்லில் கல் பிடிக்கிறது என்று வன்னியில் நிறையப் பேர் நம்புகிறார்கள். அப்படியில்லை. உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய் திறக்கும் இடம் கீழ் முன்பற்களின் பின்புறம், அதனால் கல்லும் அங்கேதான் முதலில் கட்டும். வவுனியாப் பக்கத்துத் தண்ணீரில் புளோரைட்டு கூடினால் பல்லில் வெள்ளையும் கபிலமுமாகத் திட்டு விழும். அது வேறு விஷயம், முரசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கிருமியை எதிர்க்க முரசு வீங்கும், இரத்தம் கசியும். இந்த நிலையில் சுத்தம் செய்தால் முழுதாக மாறிவிடும். விட்டால் வீக்கம் கீழே இறங்கி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரையத் தொடங்கும். கரைந்த எலும்பு திரும்ப வளர்வது அரிது. வலி பெரும்பாலும் இருக்காது. அதனால்தான் ஆட்டம் கண்ட பிறகே ஆட்கள் வருகிறார்கள்.

இது எல்லாருக்கும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. உலகம் முழுவதும் பல் மருத்துவ மாணவர்கள் இதற்குப் படிக்கும் சான்று எங்கள் நாட்டுத் தோட்டத் தொழிலாளர்களின் வாயிலிருந்து கிடைத்தது. நோர்வேக்காரரான ஹரால்ட் லோ 1970இல் இலங்கையின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களைப் பரிசோதிக்கத் தொடங்கி, 1985 வரை திரும்பத் திரும்பப் பார்த்தார். அவர்களிடம் பல் துலக்கும் பழக்கம் இருக்கவில்லை, பல் வைத்தியமும் எட்டவில்லை. முரசு வீக்கம் எல்லாருக்கும் இருந்தது. ஆனாலும் 100க்கு 11 பேருக்கு அது வீக்கத்தோடு நின்றுவிட்டது. 81 பேருக்கு மெதுவாக இறங்கியது. 8 பேருக்கு வேகமாக ஓடியது. அந்த வேகக்காரர்களுக்கு 45 வயதில் வாயில் பல்லே மிஞ்சவில்லை. மலைச் சரிவில் உடம்பால் உழைத்தவர்கள் அவர்கள், அங்கே உடற்பருமனைக் காரணம் சொல்ல இடமில்லை. 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறிய குடும்பங்கள் எத்தனையோ. இது யாரோ தூரத்து ஆட்களின் கதையில்லை.

ஆக, கிருமி எல்லார் வாயிலும் இருக்கிறது. எலும்பு எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதை உடம்பு தீர்மானிக்கிறது. உடற்பருமன் உள்ளே வருவது இந்த இடத்தில்தான்.

வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் இரசாயனங்களை அது நாள் முழுக்க இரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கும். முரசில் எலும்பைக் கரைக்கும் வேலையைச் செய்பவையும் அதே வகை இரசாயனங்களே. ஏற்கெனவே கொதிநிலையில் இருக்கும் உடம்பு, பல் விளிம்பில் கொஞ்சம் கிருமி சேர்ந்ததும் அளவுக்கு மீறிச் சண்டை போடும். சண்டையில் அழிவது கிருமி மட்டுமில்லை, சொந்த எலும்பும்தான். 1977இல் கொழுத்த எலிகளில் இது முதலில் காணப்பட்டது. மனிதரில் இந்தத் தொடர்பை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1998இல் எழுதினார்கள். 2003இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வை உங்கள் தம்பிக்காகச் சொல்கிறேன்: 18 முதல் 34 வயதுக்காரரிடம்தான் பருமனுக்கும் முரசு நோய்க்கும் இடையிலான தொடர்பு தெளிவாகத் தெரிந்தது. வயது போனவர்களில் அது மங்கிவிட்டது. மொத்த நிறையைக் காட்டிலும் இடுப்புச் சுற்றளவு அதைத் துல்லியமாகக் காட்டியது. தெற்காசியருக்கு ஆண்களில் 90 சென்றிமீற்றரும் பெண்களில் 80 சென்றிமீற்றரும் எல்லை. தையல்கார நாடா ஒன்று போதும், தொப்புள் மட்டத்தில் சுற்றிப் பாருங்கள்.

இவற்றில் பெரும்பாலானவை ஒரே காலத்தில் இரண்டையும் அளந்து பார்த்த ஆய்வுகள். வறுமை, சீனி, புகை, வைத்தியம் எட்டாத தூரம் ஆகியவை பருமனையும் தரும், முரசு நோயையும் தரும். அதனால் நிறை கூடினால் பல் விழும் என்று நேர்கோடு போட நான் ஒப்பமாட்டேன். கிருமியும் கல்லும் இல்லாத வாயில் பருமன் மட்டும் பல்லை விழுத்தாது. கல் நிறைந்த வாயில் அது வேகத்தைக் கூட்டும்.

நடுவில் ஒரு கண்ணி இருக்கிறது, அதுதான் எல்லாவற்றிலும் பெரியது: சீனி வருத்தம். அதே லோ 1993இல் முரசு நோயை நீரிழிவின் ஆறாவது பாதிப்பு என்று எழுதினார். கண், சிறுநீரகம், நரம்பு என்று நாங்கள் அஞ்சும் வரிசையில் முரசும் சேர்ந்தது. சீனி கட்டுப்படாதவருக்குக் கிருமியை எதிர்க்கும் வலு குறைகிறது, புண் ஆற நாள் பிடிக்கிறது, எலும்பு வேகமாகக் கரைகிறது. மறுபக்கமும் உண்டு. கெட்ட முரசு உடம்பில் எந்நேரமும் சீழ்ப் புண்ணை வைத்திருப்பதற்குச் சமம், அது இன்சுலினின் வேலையைத் தடுக்கிறது. முரசைச் சுத்தம் செய்து வைத்தியம் பார்த்த நீரிழிவுக்காரருக்கு மூன்று நான்கு மாதத்தில் எச்.பி.ஏ.வன்.சி. (கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) அளவு சராசரியாக 0.43 சதவீதப் புள்ளி குறைந்ததாக, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் 2022ஆம் ஆண்டுத் தொகுப்பு சொல்கிறது. மாத்திரையை விட்டுவிடலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. மாத்திரை போட்டும் சீனி இறங்காத ஒருவரின் வாயைத் திறந்து பார்க்கவேண்டும் என்று அர்த்தம். எங்கள் ஆஸ்பத்திரிகளில் மெடிக்கல் கிளினிக் ஒரு பக்கம், பல் கிளினிக் இன்னொரு பக்கம். அம்மாவின் கிளினிக் கொப்பியில் சீனி, பிரஷர், நிறை எல்லாம் எழுதியிருக்கும், முரசைப் பற்றி ஒரு வரி இருக்காது. அடுத்த கிளினிக்கில் அந்தக் கொப்பியைக் கொடுத்து, பல் கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தரும்படி நீங்களே கேளுங்கள்.

இனி அம்மா சொன்ன பக்கம். பல் போனால் உடம்பு மெலியும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். மிகவும் முதிர்ந்தவர்களுக்கு அப்படியும் நடக்கிறது. நடுவயதில் பெரும்பாலும் மறுதலையாக நடக்கிறது. பல ஆய்வுகளைத் திரட்டிய 2016ஆம் ஆண்டின் ஒரு தொகுப்பில், பல் இழந்தவர்களுக்குப் பருமன் இருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 1.4 மடங்கு, பல்லே இல்லாதவர்களுக்கு 1.6 மடங்கு என்று வந்தது.

காரணத்தைத் தட்டில் பார்க்கலாம். கடைவாய்ப் பல் இருந்த காலத்தில் வன்னியில் ஒரு பெண் என்ன சாப்பிட்டாள்? காலையில் குரக்கன் புட்டு, இல்லாவிட்டால் அவித்த பயறு தேங்காய்ப்பூவோடு. மத்தியானம் சிவப்பரிசிச் சோறு, முருங்கைக்காய், வாழைப்பூ வறை, ஒரு மீன். இடையில் கொய்யா, பனங்கிழங்கு, முறிகண்டியில் பஸ் நின்றால் ஒரு சுருள் கச்சான். கடைவாய் போன பிறகு அதே பெண்ணின் நாளைப் பாருங்கள். காலையில் தேத்தண்ணியில் தோய்த்த பாண். பத்து மணிக்குத் தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட். மத்தியானம் குழைய வேகவைத்த வெள்ளைச் சோறும் பருப்பும், உருளைக்கிழங்குப் பால்கறியும். பின்னேரம் திரும்பத் தேத்தண்ணி, ரஸ்க். இரவுக்கு இடியப்பமும் சொதியும். கீரையின் தண்டு, பயறு, பழம், இறைச்சி, கச்சான் எல்லாம் தட்டை விட்டுப் போய்விட்டன. மிஞ்சியது மாவும் சீனியும். மென்று தின்ன நேரம் பிடிக்காததால் வயிறு நிறைந்தது தெரிவதற்கு முன்பே சாப்பாடு முடிந்துவிடும், இரண்டு மணித்தியாலத்தில் திரும்பப் பசிக்கும். ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி என்று ஐந்து கோப்பை குடித்தால் ஏறத்தாழ 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது. அம்மா நிறையச் சாப்பிடுவதில்லை என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். நம்புகிறேன். அளவில் குறைவாகவே சாப்பிடுகிறார், ஆனால் சாப்பிடுவதெல்லாம் மாவு.

பல்லை எண்ணும்போது இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். மேலும் கீழும் சந்திக்கும் சோடிகள் எத்தனை என்பதுதான் முக்கியம். மேலே ஏழு பல் இருந்தும் அவற்றுக்கு நேரே கீழே ஒன்றும் இல்லையென்றால் மெல்ல முடியாது. 20 பல்லாவது மிஞ்சினால் கட்டுப்பல் இல்லாமலே ஓரளவு நன்றாகச் சாப்பிடலாம் என்பது பொதுக் கணக்கு. 80 வயதிலும் 20 பல் என்று ஜப்பான் 1989இல் தொடங்கிய இயக்கத்துக்கும் அதுதான் அடிப்படை.

வன்னியில் இவற்றுக்கு மேலாகவும் சில உண்டு. அவற்றை வேறெவரும் உங்களுக்கு எழுதமாட்டார்கள் என்பதால் சொல்கிறேன். 2009க்கு முன்னும் பின்னும் போரால் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் யாருக்கும் பல் நினைவில் இல்லை. மெனிக்பாம் அகதி முகாமில் நிவாரண மாவும் சீனியும் பருப்பும்தான் சாப்பாடு. அன்று இருபதும் முப்பதும் வயதாக இருந்தவர்களின் முரசில் அப்போது இறங்கிய நோய்தான் இன்று ஆட்டமாகத் தெரிகிறது. கால் இழந்தவர்கள், முள்ளந்தண்டில் காயப்பட்டவர்கள் நடந்து நிறையைக் குறைக்க முடியாது. ஒரு கை இழந்தவருக்கு நூல் போட்டுப் பல்லிடுக்கைச் சுத்தம் செய் என்று சொல்வது பொறுப்பில்லாத புத்திமதி. அவருக்குத் தடித்த பிடியுள்ள பிரஷும் பல்லிடுக்குக்கான சின்னப் பிரஷும் வேண்டும். சாதாரணப் பிரஷின் பிடியில் சைக்கிள் ரியூப் துண்டைச் சுற்றிக் கட்டினாலே பிடிக்க இலகுவாகும்.

மருந்துகளும் இருக்கின்றன. தலையில் காயப்பட்டு வலிப்பு வந்தவர்கள் குடிக்கும் பெனிரோயின் முரசைத் தடிக்க வைக்கும். பிரஷருக்குக் கொடுக்கும் நிபெடிப்பீனும் சில வேளை அம்லோடிப்பீனும் அப்படிச் செய்யலாம். நித்திரையின்மைக்கும் நரம்பு வலிக்கும் மனச்சோர்வுக்கும் எழுதும் அமிற்றிப்ரிலின் வாயை உலர்த்தும், நிறையையும் கூட்டும். உலர்ந்த வாயில் கிருமி பெருகும். வாய் காய்கிறது என்று தேத்தண்ணியும் சோடாவும் குடித்தால் சீனி ஏறும். அம்மா இவற்றில் ஏதாவது குடிக்கிறாரா என்று பாருங்கள். குடித்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிய டொக்டரிடம் மாற்று உண்டா என்று கேளுங்கள்.

ஆடுகிற மூன்று பல்லுக்கு வருவோம். பக்கவாட்டில் கொஞ்சம் அசையும் பல்லைப் பெரும்பாலும் வைத்திருக்கலாம். விரலால் அழுத்தினால் கீழே அமுங்கி எழும் பல்லைக் காப்பாற்றுவது கடினம், அதைக் கழற்றத்தான் வேண்டும். எக்ஸ்ரே பார்த்து முடிவெடுக்கவேண்டிய விஷயம் இது. கழற்றுவதானாலும் சீனி கட்டுக்குள் இருக்கும்போது கழற்றினால்தான் புண் நேரத்துக்கு ஆறும்.

கல் எடுப்பதைப் பற்றி ஒரு பயம் இருக்கிறது, அதை உடைத்துவிட வேண்டும். அம்மாவின் கீழ் முன்பற்களின் பின்புறம் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால், நாலைந்து பல்லையும் சேர்த்து ஒட்டிய மாதிரி மஞ்சளும் கபிலமுமாக ஒரு திண்ணை கட்டியிருக்கும். முரசின் கீழே உள்ள கல் கறுப்பாக இருக்கும், அது கண்ணுக்குத் தெரியாது. மில்லிமீற்றர் கோடு போட்ட மெல்லிய கம்பியை முரசு ஓரத்தில் இறக்கினால் நல்ல வாயில் இரண்டு மூன்றோடு நிற்கும், கெட்ட இடத்தில் ஆறு ஏழு வரை போய் இரத்தத்தோடு திரும்பும். இந்தத் திண்ணையை எடுத்த அன்று பல்லுக்கு இடையில் இடைவெளி தெரியும், குளிர்ந்த தண்ணீர் கூசும், ஆட்டம் கூடினது போல இருக்கும். "மெசின் போட்டுப் பல்லைத் தேச்சுப் போட்டாங்கள்" என்று சொல்லி அதோடு வராமல் விடுவார்கள். உண்மையில் அந்த இடத்தில் எலும்பும் முரசும் முன்பே போய்விட்டன, கல்தான் இடைவெளியை மறைத்து வைத்திருந்தது. வீக்கம் வற்றியதும் முரசு இறுகும், பல சமயம் ஆட்டமும் குறையும். ஒரு தடவையோடு இது முடியாது. அம்மாவைப் போன்றவருக்கு முதலில் சில தடவை அடுத்தடுத்து, பிறகு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை. அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

வீட்டில் இரவு படுக்குமுன் துலக்குவதுதான் முதல் வேலை. மென்மையான பிரஷ், புளோரைட்டு உள்ள பேஸ்ட். முரசு விளிம்பில் சரிவாகப் பிடித்து மெதுவாக. இரத்தம் வருகிறது என்று அந்த இடத்தை விட்டுவிடக்கூடாது, அந்த இடத்துக்குத்தான் பிரஷ் அதிகம் தேவை. உப்புத் தண்ணீர் நோவை ஆற்றும், கல்லை எடுக்காது. செங்கல் தூளும் கரியும் பல்லையே தேய வைக்கும். வேப்பங்குச்சி வெளிப்புறத்தைச் சுத்தம் செய்யும், உட்புறத்துக்கும் இடுக்குக்கும் எட்டாது. வெற்றிலை முரசை இறுக்கும் என்று வன்னியில் உறுதியாக நம்புகிறார்கள். ஆனால் அதோடு சேர்த்து மெல்லும் பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோயைத் தருபவை, முரசையும் கெடுப்பவை. புகைப்பவருக்கு இரத்தக் கசிவு குறைவாக இருக்கும், அது நோயை மறைக்கும். பல் போன பிறகு வெற்றிலையை உரலில் இடித்துக் கன்னத்தில் அடக்கி வைப்பது இன்னும் கேடு. வாயில் வெள்ளையோ சிவப்போ ஒரு திட்டு இரண்டு கிழமைக்கு மேல் மாறாமல் இருந்தால் உடனே காட்டுங்கள்.

கழற்றிய இடங்களுக்குக் கட்டுப்பல் போடலாம். ஆனால் அதன் கடிவலு சொந்தப் பல்லின் நாலில் ஒரு பங்குதான், சிலருக்கு அதிலும் குறைவு. கட்டுப்பல் போட்டதும் சாப்பாடு தானாக மாறிவிடாது, பழகிய பாணும் பிஸ்கட்டும்தான் தொடரும். சமையலை நீங்கள் மாற்றவேண்டும். மென்மையாக இருக்கவேண்டும் என்றால் மாவாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. கடைந்த முருங்கையிலை, மெல்லிதாக அரிந்த வல்லாரைச் சம்பல், குழைய அவித்துக் கடைந்த பயறு, முள் எடுத்த குளத்து விரால், முட்டை, சீனி போடாத எருமைத் தயிர், பப்பாப்பழம். எல்லாம் முள்ளியவளையில் கிடைப்பவை, கடைவாய் இல்லாமலும் சாப்பிடக்கூடியவை. தேத்தண்ணிச் சீனியை ஒரே நாளில் நிறுத்தச் சொன்னால் அம்மா கேட்கமாட்டார். கரண்டியைப் பாதியாக்குங்கள், ஒரு மாதம் கழித்து அதிலும் பாதி. கட்டுப்பல்லை இரவில் கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் தண்ணீரில் வைக்கவேண்டும். சுடுதண்ணீர் வேண்டாம், அது பல்லின் வடிவத்தை நெளிக்கும்.

கல் எடுத்தால் நிறை குறையாது, நிறை குறைந்தால் கல் போகாது. இரண்டு வேலையையும் தனித்தனியாகச் செய்யவேண்டும். இரண்டுக்கும் பலன் ஒரே இடத்தில், சீனியில், தெரியும். அடுத்த எச்.பி.ஏ.வன்.சி. பரிசோதனையை கல் எடுத்து மூன்று மாதம் கழித்து வையுங்கள், மாற்றத்தை அம்மாவே கண்ணால் பார்க்கலாம்.

தம்பிக்கு இரத்தம் வருவது இப்போது முரசு வீக்கமாக மட்டும் இருந்தால் முழுதாக மாற்றலாம். மாணவர்கள் பல் துலக்குவதை நிறுத்திப் பார்த்த லோவின் 1965ஆம் ஆண்டுப் பரிசோதனையில், மூன்று கிழமைக்குள் எல்லாருக்கும் முரசு வீங்கியது. திரும்பத் துலக்கத் தொடங்கியதும் சில நாட்களில் வற்றியது. ஆனால் அம்மாவுக்கு வேகமாக இறங்கியிருக்கிறது, அம்மாவுக்குச் சீனியும் இருக்கிறது, தம்பி கடையில் உட்கார்ந்து வேலை செய்கிறார், சோடா குடிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரைக் காத்திருக்க விடவேண்டாம். இந்த மாதமே பல் கிளினிக்கில் காட்டட்டும், அன்றே வெறுவயிற்றில் சீனியும் பார்க்கட்டும், இடுப்பையும் அளக்கட்டும்.